மூன்றாம் நாளின் மாடு

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே
இரண்டாம் மாடி. என் மேஜை.
எதிரே வண்டி நகரும்போதெல்லாம்
பேனாக்கள் கண்ணாடிக் குவளைக்குள்
பல் நடுங்கும்.

நாலு வருஷமாய் ஒரே வரியை அடிக்கிறேன்:
நாள் மூன்று, காலை உணவுக்குப் பின்
கம்போடியக் கிராமப்புறம், மாட்டுவண்டிச் சவாரி,
மாலை விடுதி திரும்புதல்.
நான் போனதில்லை.
என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் விழவில்லை,
பக்கங்கள் இஸ்திரி போட்டதுபோல் கிடக்கின்றன.

இன்று மழையோடு வந்தார்
கொளத்தூர் அருமைநாயகம்.
குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.
நனையாத உறைக்குள் எங்கள் பயணத்திட்டம்.
'மாட்டுவண்டி'க்குக் கீழே மட்டும்
சிவப்பு மையில் இரண்டு கோடு.

"மாடு வரலம்மா."

ஏசி சொட்டும் வாளியைக் காலால் தள்ளி
நாற்காலி போட்டேன்.

"ஒன்பது மணிக்கு வேன் நிக்குது.
இறங்கிப் பார்த்தா ரெண்டு பக்கமும் பனைமரம்.
பனைமரம் பார்க்கவா விமானம் ஏறினேன்?
ஒரு கொட்டகையில கருப்பட்டி காய்ச்சுறான்.
கூட வந்த வெள்ளைக்காரங்க கை தட்டுறாங்க.
நான் தட்டல."

வழிகாட்டிப் பையன் பெயர் வுத்தி.
வண்டிமாட்டுக்குக் காய்ச்சல் என்றானாம்.
வேறு மாடு வரும், வரும் என்றே
இரண்டு மணி பத்து நிமிஷம்.
கைக்கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

குறை பதியும் படிவத்தைத் திறந்தேன்.
ஆதாரம் உண்டா என்று கேட்கும் அது.
உண்டு என்றார்.
மாடு இல்லாததைப் படமெடுத்து வந்திருந்தார்.

முதல் படம்: செம்மண்ணில் நுகம் ஊன்றி
முழங்காலிட்ட வண்டி.
இரண்டாவது: அதே வண்டி, மறுபக்கம்.
மூன்றாவது: வெறும் கயிறு. கயிற்றின் முனை.
பின்னால் வயல், தண்ணீர், தண்ணீருக்குள் வானம்,
வானத்தின் நடுவே ஒரு வாத்து.
அவர் வாத்தைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

நான்காவது வந்ததும் விரல் அவசரப்பட்டது.
நான் பார்த்துவிட்டேன்.

வண்டிக்குள் ஒரு அம்மா,
மடியில் கைப்பை, கையில் அவித்த சோளம்,
கண் இடுங்க, வாய் நிறைய,
கொளத்தூர் வரை கேட்கும் சிரிப்பு.
முன்னால், நுகத்தடிக்குள்,
தொப்பியும் கழுத்துப் பையுமாய்
ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர்.
வண்டிச் சக்கரம் அசைந்ததால்
அது மட்டும் படத்தில் கலங்கியிருந்தது.

"அது சும்மா... அந்தப் பையன் எடுத்தது.
ஒரு பத்தடி இருக்கும்."

நான் பேசவில்லை.

"திரும்பி வரும்போதும் ஒரு பத்தடி."

படிவம் கேட்கிறது:
சவாரி நடந்ததா? ஆம். இல்லை.
இரண்டு சின்ன வட்டங்கள்.
ஆம் என்றால் பணம் கிடையாது.
அம்புக்குறியை நடுவில் நிறுத்திக்கொண்டு
அவர் முகத்தைப் பார்த்தேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
மழையில் நிலையத்தின் சிவப்புச் சுவர்
அந்த ஊர் மண்ணைப்போல் கரைந்துகொண்டிருந்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
எனக்கென்ன தெரியும் அந்த ஊர் மண்?

"மாடு இல்லையேம்மா" என்றார், மெல்ல.
இல்லை என்பதில் அழுத்தினேன்.
தலைக்கு ஆறு டாலர்.
பத்து வேலை நாளில் வந்து சேரும்.

உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"நான் இங்க வந்தது செல்வரதிக்குத் தெரியாது.
வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிடாதீங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.
குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்,
என் மேஜைக் காலடியில் ஒரு குட்டை.
அடுத்த வாடிக்கையாளரின் நாள் மூன்றை
அடிக்கத் தொடங்கினேன்.
'மாட்டு' வரை வந்திருந்தேன்.

செருப்புச் சத்தம் ஏறி வந்தது.
குடையை எடுத்தார். போகவில்லை.

"அந்த வுத்திகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?
மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு."